பூட்டிய அலமாரியில் புழுங்கும் புத்தகங்கள்

(கோலா சுங்கை பாருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியத்திலோ திருமுறையிலோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். இன்று அந்த இலக்கியங்களைச் சுமந்துகொண்டு நிற்கும் அட்டை, துணி, பசை, நூல் ஆகியவற்றைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். காலிகோ பைண்டிங் என்று நம் அப்பாக்கள் சொன்னார்களே, அந்தத் துணிக்கட்டுப் புத்தகங்களைப் பற்றி.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் பழைய புத்தகங்கள் கெட்டுப்போவதற்கு அலட்சியம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பக்தி. அப்பாவின் புத்தகம் என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். பிளாஸ்டிக்கில் சுற்றுகிறோம். கிழிந்தால் டேப் ஒட்டுகிறோம். கையில் கொஞ்சம் பணம் வந்தால் பழைய அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புது பைண்டிங் போடுகிறோம். இத்தனையும் அன்பினால் செய்வது, இத்தனையும் கெடுதல். புத்தகத்தின் மேல் கை வைப்பதற்கு முன் அது இருக்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள் என்பதுதான் என் பேச்சின் சாரம்.

துணிக்கு முன் தோல் இருந்தது. 1820களில் லண்டன் பதிப்பாளர்கள் பருத்தித் துணியைப் புத்தக அட்டைக்கு எடுத்தார்கள். வில்லியம் பிக்கரிங் என்ற பதிப்பாளரையும் ஆர்ச்சிபால்டு லைட்டன் என்ற பைண்டரையும் இதற்கு முன்னோடிகளாகச் சொல்வார்கள். வெறும் துணியை அட்டையில் ஒட்டினால் பசை இழைகளுக்கிடையே கசிந்து மேலே வந்துவிடும். ஆகவே துணிக்குக் கஞ்சி ஏற்றினார்கள். மாவும் வெண்களிமண்ணும் சேர்த்து இழை இடைவெளிகளை அடைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு வழவழப்பாக்கினார்கள். தோலைவிட விலை குறைவு. தங்க எழுத்தும் அழகாகப் பதியும். நம் ஊரில் புத்தகத்துக்கு வரும் தொல்லைகளில் பாதி இந்தக் கஞ்சியிலிருந்து தொடங்குகிறது. லண்டனில் அது துணிக்கு மெருகு. இங்கே அது கரப்பானுக்குப் போட்ட சாப்பாடு.

தமிழில் இந்தக் கட்டு நெடுங்காலம் பெருமைக்குரிய கட்டாக இருந்தது. 1920இல் தொடங்கிய திருநெல்வேலி சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் உரைநூல்களை நினைத்துப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் ஓர் இணைப்புத் தொகுதி. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதி. இவை கடல் கடந்து இங்கே வந்தன. 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் டிரங்குப் பெட்டியோடு புத்தகக் கட்டும் இறங்கியது. பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கி, ரயிலிலும் லாரியிலும் ஏறித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. கிராணி வீட்டில் ஒரு செட், பள்ளி வாத்தியார் வீட்டில் ஒரு செட், கோயிலில் தேவாரமும் திருவாசகமும், படிப்பகத்தில் மு.வ. நாவல்கள். லயத்து வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள். சென்னை இரத்தின நாயகர் கடையில் அச்சான அந்த நூல்களுக்கு அட்டை என்று சொல்ல ஒன்றும் இராது. படித்துப் படித்து நைந்த பிறகு, இருந்த துணியைப் போட்டுத் தைத்துக்கொண்டார்கள். பழைய வேட்டி, மாவுச் சாக்கு, ஆயாக் கொட்டகைத் தொட்டில் துணி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. தங்க எழுத்துப் போட்ட கழகப் பதிப்பைவிட அந்தச் சாக்குத்துணிக் கட்டுக்கு நான் அதிக மரியாதை கொடுப்பேன். கழகப் பதிப்பின் இன்னொரு படி எங்காவது கிடைக்கும். சாக்குத்துணிக் கட்டுக்கு இன்னொன்று கிடைக்காது.

மலாக்கா மாநிலத்தில் நின்றுகொண்டு புத்தகம் அழிவதைப் பற்றிப் பேசும்போது முன்ஷி அப்துல்லாவைத் தாண்டிப் போக முடியாது. 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அரபு இரத்தமும் நாகூர்த் தமிழ் இரத்தமும் கலந்த குடும்பம். வணிகர்களின் கணக்கு வழக்குத் தமிழில் நடந்ததால் தகப்பனார் அவரைத் தமிழ் எழுதப் படிக்க வைத்தார். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் மலாக்காவில் இருந்தபோது மலாய்ச் சுவடிகளைத் தேடித் தேடி வாங்கினார், படியெடுக்க ஆள் வைத்தார். அந்த எழுத்தர்களில் ஒருவராகச் சேர்ந்தபோது அப்துல்லா சிறுவர். அப்படிச் சேர்த்த சுவடிகளும் ஓவியங்களும் ‘ஃபேம்’ என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டன. 1824 பிப்ரவரி 2ஆம் நாள், சுமத்திராவின் பென்கூலனை விட்டுக் கிளம்பிய அன்றே, கப்பல் தீப்பிடித்தது. ஆட்கள் தப்பினார்கள், சுவடிகள் போயின. தன்வரலாற்று நூலில் இதைச் சொல்லும்போது அப்துல்லா தாங்க முடியாமல் வருந்துகிறார். கையால் எழுதிய நூல்கள். வேறு படி இல்லை. மிஷனரிகளின் அச்சுக்கூடத்தில் வேலை கற்றவர் அவர். அச்சின் அருமை அவருக்குத் தெரிந்த அளவு அன்று இந்த ஊரில் வேறு எவருக்கும் தெரிந்திருக்காது.

அச்சு வந்த பிறகு மட்டும் என்ன ஆயிற்று? ஒரே நூலுக்கு ஐந்நூறு படி இருந்தாலும் ஐந்நூறும் இதே ஈரத்தில்தான் இருந்தன. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றமாக இருந்த காலத்தில், 1886இல் புத்தகப் பதிவுச் சட்டம் ஒன்று வந்தது. இங்கே அச்சாகும் நூல்களை அரசிடம் பதிய வேண்டும். அப்படிக் கொடுத்த படிகளில் ஒன்று லண்டனுக்குப் போயிற்று. அரசாங்கம் தன் கண்காணிப்புக்காகச் செய்த ஏற்பாடு இது, நம் இலக்கியத்தின் மேல் கொண்ட காதலால் அல்ல. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையில் அச்சான தமிழ் நூல்களைத் தேடும் ஆய்வாளர் இன்றும் முதலில் பார்ப்பது பிரிட்டிஷ் நூலகத்தைத்தான். அச்சடித்த ஊரில் இல்லாதது ஆறாயிரம் மைலுக்கு அப்பால் குளிரில் பத்திரமாக இருக்கிறது. சுவாமிநாதையர் காலத்தில் ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட கதையை மேடைதோறும் சொல்லிக் கண்ணீர் விடுகிறோம். நம் அலமாரியில் நம் கண்முன்னே போய்க்கொண்டிருப்பதற்கு யாரும் கண்ணீர் விடுவதில்லை.

சரி, எப்படிப் போகிறது?

இந்த ஊரின் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். விடியற்காலையில் அதற்கும் மேலே போகும். பூஞ்சைக்கு 65 விழுக்காடு இருந்தாலே போதும், அதோடு காற்று அசையாமல் இருந்தால் கொண்டாட்டம். தாளும் துணியும் அட்டையும் பசையும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்பவை. டப்பாவை மூட மறந்த முறுக்கு நமத்துப்போவதுபோல் புத்தகமும் நமத்துப்போகிறது. நமத்த புத்தகத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டோம். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால், அதுவும் வெளிச்சுவராகவோ குளியலறைச் சுவராகவோ இருந்தால், பின்வரிசைப் புத்தகங்கள் முதலில் போகும். முன்வரிசை அழகாக இருப்பதால் ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

ஏர்கண்டிஷன் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரவும் பகலும் ஓடினால் சரி. எட்டு மணிக்குப் போட்டு ஐந்து மணிக்கு அணைத்தால் அதைவிடக் கேடு வேறில்லை. பகலெல்லாம் குளிர்ந்த புத்தகத்தின் மேல் மாலையில் வெளியிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று படும். கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலை அட்டையில் படியும். தினமும் சுருங்கி, தினமும் விரிந்து, துணி அட்டையிலிருந்து குமிழ்விட்டுப் பிரியும். மின்கட்டணம் கட்ட முடியாத பள்ளி நூலகத்தில் ஏர்கண்டிஷனே இல்லாமல், எதிரெதிர் சன்னல்களும் ஒரு மின்விசிறியும் இருந்தால் புத்தகம் இன்னும் நாள் தாங்கும். இதை நான் சொன்னால் பள்ளி நிர்வாகக் குழுவினருக்குப் பிடிப்பதில்லை. ஏர்கண்டிஷன் வாங்கினால்தான் திறப்பு விழா வைக்கலாம். சன்னலைத் திறப்பதற்கு யாரும் விழா வைப்பதில்லை.

ஆகவே முதல் வேலை அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளிப்போடுவது. அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும். புத்தகங்களை நெருக்கி அடைக்காதீர்கள். இரண்டு வரிசையாக அடுக்காதீர்கள். கண்ணாடிக் கதவு இருந்தால் மழையில்லாத நாளில் காலை பத்து மணிக்குமேல் திறந்து வைத்து, மின்விசிறியை நேரே அடிக்காமல் அறையில் காற்று சுழலும்படி போடுங்கள். ஈரமானி என்று ஒரு சின்னக் கருவி, ஐம்பது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். அதை அலமாரிக்குள் வையுங்கள். வெளியில் எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்தால் உங்கள் அலமாரியின் குணம் தெரிந்துவிடும். ஜப்பானில் நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவருகிறார்கள். ஆண்டுக்கொரு முறை, காற்று வறண்டிருக்கும் இலையுதிர் காலத்தில் திறந்து பார்ப்பது அங்கே முறை. நமக்கும் சரஸ்வதி பூசை என்று ஒரு நாள் இருக்கிறது. அன்று புத்தகத்தை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். துணி அட்டையில் பட்ட குங்குமம் அப்புறம் போகாது. பொட்டைப் படத்துக்கு வைத்துவிட்டு, அன்றைக்கு ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துத் தட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எடுப்பதிலும் முறை உண்டு. அலமாரியிலிருந்து புத்தகத்தை எல்லோரும் எப்படி எடுக்கிறோம்? முதுகின் உச்சியில் ஆள்காட்டி விரலை மாட்டி இழுக்கிறோம். பழைய காலிகோ நூல்களில் முதலில் கிழிவது அந்த இடம்தான். இருபுறத்துப் புத்தகங்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, வேண்டியதை நடுமுதுகில் பிடித்து எடுக்க வேண்டும். கலைக்களஞ்சியம்போல் கனமான தொகுதிகளுக்கு இன்னொரு சங்கடம். அட்டை தாளைவிடச் சற்று நீளமாக இருப்பதால், நிமிர்த்தி வைத்தால் தாள்கட்டு தரையைத் தொடாமல் முதுகுத் துணியில் தொங்கிக்கொண்டு நிற்கும். ஐம்பது அறுபது வருடம் தொங்கினால் முன்பக்கம் சாய்ந்து, மூட்டுத் துணி கிழிந்து, ஒருநாள் உள்கட்டு மொத்தமாகக் கழன்று விழும். அவற்றைப் படுக்க வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் போகாமல்.

இனிப் பூச்சிகள். அட்டையைப் பார்த்தே யார் வந்து போனது என்று சொல்லிவிடலாம். சிவப்புக் காலிகோவில் வெளுத்த தீவுகள்போல் திட்டுத் திட்டாக இருந்தால் கரப்பான். கஞ்சியை நக்கித் தின்று சாயத்தையும் கொண்டுபோயிருக்கும். அட்டையின் ஓரமும் ஒட்டிய சீட்டும் சுரண்டிவிட்டதுபோல் மெலிந்திருந்தால் ராமபாணப் பூச்சி, வெள்ளிபோல் மினுங்கி வழுக்கிக்கொண்டு ஓடும். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை குண்டூசியால் குத்தியதுபோல் துளை இருந்தால் வண்டின் புழு. துளைக்குக் கீழே புதிதாக மாவு கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாவு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. இல்லையென்றால் அது பழைய கதை. கரையானைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது வந்தால் புத்தகத்தை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள்.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஒரு பழைய கைமுறை உண்டு. வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சின்னத் துணிப்பொட்டலமாகக் கட்டிச் சுவடிகளுக்கிடையே வைப்பார்கள். நல்ல முறைதான். மணம் இருக்கும்வரை பூச்சி அண்டாது; சில மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். பொடி தாளில் கொட்டக் கூடாது, பொட்டலம் துணி அட்டையைத் தொடக் கூடாது, எண்ணெய்க் கறை படியும். உள்ளே ஏற்கெனவே குடியிருக்கும் புழுவை இது கொல்லாது. அந்துருண்டை வேண்டாம். அதன் புகை மனிதருக்கு ஆகாது, பூஞ்சையையும் தடுக்காது.

குடியிருக்கும் புழுவுக்கு வைத்தியம் வீட்டில் மீன் வைக்கும் பெட்டியில் இருக்கிறது. நனையாத, காய்ந்த புத்தகத்தைத் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, உள்ளிருக்கும் காற்றைப் பிதுக்கி எடுத்து, வாயை நன்றாக ஒட்டுங்கள். உறைபெட்டியில் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில் இரண்டு வாரம் இருக்கட்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே வெளியில் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈரம் புத்தகத்தின் மேலேயே படிந்துவிடும். பெரிய நூலகங்களும் இதைத்தான் செய்கின்றன. பெட்டி மட்டும் பெரிது. பூஞ்சையை இது கொல்லாது, தூங்க மட்டும் வைக்கும்.

பூஞ்சை கண்டால் ஈரத்துணியால் துடைப்பதுதான் நம் கைக்கு முதலில் வருவது. அது கூடாது. பூஞ்சை பரவும், காலிகோச் சாயம் கரையும். சிவப்பும் நீலமும் ஒரே துடைப்பில் கையோடு வரும். முதலில் புத்தகத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, நிழலில், காற்றோட்டத்தில், விசிறிபோல் விரித்து நிறுத்திக் காயவிடுங்கள். பச்சையாக ஈஷிக்கொண்டிருந்தது உலர்ந்து பொடியாக மாறும். பிறகு மூக்கு வாய்க் கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மிருதுவான தூரிகையால் முதுகிலிருந்து வெளியோரத்தை நோக்கித் தட்டித் தட்டி எடுங்கள். முதலில் புத்தகத்தை இறுக்கி மூடிக்கொண்டு தலைப்பகுதித் தூசியை எடுத்துவிட வேண்டும். திறந்துவிட்டால் தூசி உள்ளே இறங்கிவிடும். வெயிலில் போட்டு எடுக்கலாமே என்று கேட்பார்கள். ஒருநாள் வெயிலில் துணியின் நிறம் போகும், அட்டை வளையும், தாள் பழுக்கும். நிழல் போதும்.

விஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் காலத்து வெப்பமண்டல நூலகங்களில் கரப்பானை விரட்ட, பாதரசக் குளோரைடைச் சாராயத்தில் கரைத்துத் துணி அட்டைக்குப் பூசும் பழக்கம் இருந்தது. அந்தப் புத்தகங்களில் கரப்பான் கடித்த தடமே இராது. பழைய கிளப், துரை பங்களா, மிஷன் பள்ளி ஆகியவற்றிலிருந்து கைமாறி வந்த ஆங்கில நூல் உங்களிடம் சந்தேகப்படும்படி சுத்தமாக இருந்தால், தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் கட்டிய சில கண்ணைப் பறிக்கும் பச்சைத் துணி அட்டைகளில் ஆர்சனிக் இருக்கிறது. அமெரிக்காவின் விண்டர்தர் அருங்காட்சியகம் 2019 முதல் அப்படிப்பட்ட நூல்களைத் தேடிப் பட்டியலிட்டு வருகிறது. நம் கழகப் பதிப்புகளின் பச்சைக் காலிகோ அதற்கு வெகுகாலம் பிந்தியது, பயப்பட வேண்டாம்.

அட்டையைக் காப்பாற்றினாலும் உள்ளே தாள் தானாகவே சாகிறது என்பது மறக்கக் கூடாத செய்தி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரக்கூழில் தாள் செய்தார்கள், படிகாரமும் பிசினும் சேர்த்தார்கள். அதில் அமிலம் ஊறுகிறது. அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் 1900க்கும் 1949க்கும் இடையில் அச்சான 500 நூல்களைச் சோதித்து, அவற்றில் 97 விழுக்காட்டின் ஆயுள் ஐம்பது ஆண்டு அல்லது அதற்கும் குறைவு என்று 1950களின் இறுதியில் அறிவித்தார். சூடும் ஈரமும் அந்த ஆயுளை இன்னும் குறைக்கும். போர்க்காலத்தில் தாள் தட்டுப்பாட்டில் அச்சான தமிழ் நூல்களைத் தொட்டால் அப்பளமாக நொறுங்குவதற்கு இதுதான் காரணம். அப்படிப்பட்ட நூலுக்குப் புது பைண்டிங் போடுவது பயனற்ற வேலை. படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்க வைப்பது ஒன்றுதான் வழி.

இனி ஒட்டுவேலை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பசை வாங்கக் காசு ஏது? மங்கில் ஒட்டியிருக்கும் ரப்பர் பாலைத் தொட்டுத் தொட்டுக் கிழிசலை ஒட்டினார்கள். அப்போது வெள்ளையாக, அழகாக இருந்தது. இன்று அந்தப் பக்கங்களைப் பிரித்தால் தேன்நிறத்தில் கறை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு எழுத்தையும் தின்றிருக்கிறது. புத்தகத்துக்கு ரப்பர் வளையம் போடுவதும் அதே கதைதான். உருகி ஒட்டும், பிறகு இறுகி வெடிக்கும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய பொருள், தாளைக் கறுக்கவைக்கும். 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் போட்ட மாநிலம் இது. ரப்பரால் வளர்ந்த நாம் புத்தகத்தின் பக்கம் அதைக் கொண்டுவரக் கூடாது. பருத்தி நாடாவால் கட்டுங்கள். டேப் அதைவிட மோசம். பசை தாளுக்குள் இறங்கிவிட்டால் எந்த நிபுணராலும் முழுதாக எடுக்க முடியாது. கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும்தான் உலகெங்கும் பழுதுபார்ப்பவர்கள் கையாள்வது. தண்ணீர் பட்டால் திரும்பக் கழற்றலாம் என்பதே அதன் சிறப்பு. நம் ஊர் பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினார்கள். பூச்சி வராது என்பது சரி, ஆனால் செம்புச்சத்து நாளடைவில் தாளை அரிக்கும்.

பைண்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழைய நூலைக் கொடுத்தால் அவர்கள் முதலில் செய்வது மூன்று பக்கமும் வெட்டி நேராக்குவது. ஓரத்தில் அப்பா பென்சிலில் எழுதிவைத்த குறிப்பு அந்தக் கத்தியோடு போய்விடும். முகப்புத் தாளில் படிப்பகத்தின் ரப்பர் முத்திரை, பரிசளித்த தேதி, கடைக்காரர் சீட்டு எல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும். பிறகு ஓரத்தில் துளைபோட்டு இறுக்கித் தைப்பார்கள். புத்தகம் அதற்கப்புறம் முழுதாகத் திறக்காது. படிப்பவர் அழுத்தித் திறப்பார், நொறுங்கும். கம்பித் தையலாக இருந்தால் கடற்காற்றில் சில ஆண்டுகளில் துருப்பிடித்து அந்த இடமெல்லாம் ஓட்டை.

இதற்கு நேர்மாறான ஒரு வகைக் கட்டும் நம் வீடுகளில் இருக்கிறது. கல்கி இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பாகம் பாகமாகக் காலிகோவில் கட்டிக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. கப்பலில் பத்து நாள் கழித்து வந்த இதழை வைத்துக்கொண்டு இங்கேயும் அதைச் செய்தார்கள். மணியம் வரைந்த படங்கள் வந்த அளவிலேயே இருக்கும். பின்பக்கத்தில் பாதி விளம்பரம், பாதி நகைச்சுவைத் துணுக்கு. முதுகில் கட்டியவரின் பெயரே தங்க எழுத்தில் பளிச்சென்று நிற்கும், கல்கியின் பெயர் இருக்கோ இல்லையோ! இதைப் பிரித்து ‘ஒழுங்காக’ மறுகட்டுச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். கடையில் கிடைக்கும் பொன்னியின் செல்வனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தோட்டத்துக் குடும்பம் நாலு வருடம் எதைக் காத்திருந்து படித்தது, யார் யார் கைக்கு அது போய்வந்தது என்பதற்கு அந்தக் கட்டுதான் சாட்சி. அழுக்கும் அதன் சாட்சியத்தில் சேர்த்தி.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்பீர்கள். 2006 டிசம்பர் வெள்ளத்தை இந்த மாநிலம் மறந்திருக்காது. நனைந்த புத்தகத்தில் இரண்டு நாளைக்குள் பூஞ்சை பூக்கத் தொடங்கும். எல்லாவற்றையும் உடனே காயவைக்க முடியாது என்றால், சேற்றை மட்டும் மூடியபடியே அலசிவிட்டு, பையில் போட்டு உறைபெட்டியில் தள்ளுங்கள். உறைந்தது அப்படியே நிற்கும், பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். 1966 நவம்பரில் ஃபிளாரன்ஸ் நகரத்து நூலகத்துக்குள் ஆர்னோ ஆறு புகுந்தபோது உலகெங்கிலுமிருந்து வந்த இளைஞர்கள் சேற்றிலிருந்து புத்தகம் எடுத்தார்கள். இன்றைய நூல் பாதுகாப்புக் கலை பெரும்பாலும் அந்தச் சேற்றில் கற்றது.

கடைசியாக, எங்கே கொடுப்பது என்ற கேள்வி. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சென்னையில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஓவியர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தொடங்கிய சேகரிப்பு, ஊரில் அவர் வீட்டை நிறைத்தது. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, நாடு கடத்தாமல் சென்னையிலேயே 1994இல் ஆய்வு நூலகமாக நிறுவ உதவிற்று. தனி மனிதரின் சேகரிப்பு தப்பிப் பிழைத்தது அபூர்வமான நிகழ்ச்சி. அவரைப்போல் சேர்த்த பலரின் வீட்டில் பழைய தாள் வியாபாரிதான் வாரிசு. இங்கே தேசிய நூலகம் இருக்கிறது, 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களைப் பெறுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையின் தயவில் நல்ல தமிழ்த் தொகுப்பு இருக்கிறது. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கேதான் நடந்தது. சிங்கப்பூரில் 1965க்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுத் தமிழ் இலக்கிய நூல்களைச் சேகரித்து 2015இல் மின்வடிவில் நாட்டுக்குக் கொடுத்தார்கள். தன்னார்வலர்கள் செய்த வேலை. ஈழத் தமிழர்களின் ‘நூலகம்’ என்ற மின்னூலகத் திட்டம் 2005 முதல் நடக்கிறது, 1981இல் யாழ்ப்பாணத்தில் 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்டவர்களுக்கு அதன் அவசரம் தெரியும். கொடுக்க நினைப்பவர்கள் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் நூலக வாசலில் இறக்காதீர்கள். எந்த நூலகமும் பட்டியலைத்தான் முதலில் கேட்கும். பட்டியல் இல்லாத மூட்டை ஸ்டோருக்குப் போய்விடும்.

ஆகையால் அந்தப் பட்டியலை இந்த மாதமே எழுதுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு, யாருடைய புத்தகம், எந்தத் தோட்டம். புத்தகத்தின் மேல் எண் போட வேண்டுமென்றால் பென்சிலால், முகப்புத் தாளின் உள்மூலையில் போடுங்கள். பேனாவும் ஒட்டுச்சீட்டும் வேண்டாம். தலைப்புப் பக்கத்தையும் முத்திரைகளையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டியலைத் தமிழில் எழுதி, பக்கத்திலேயே மலாயிலும் எழுதிவையுங்கள். நாளைக்கு அலமாரியைத் திறக்கப்போகும் பேரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போகலாம். எது தாத்தாவுடையது, எது எறியக் கூடாதது என்று அவனுக்குப் புரியும் எழுத்தில் ஒரு தாள் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் இருக்கட்டும். தேநீர் இடைவேளைக்குப் பிறகு அந்த மூலை மேசையில் உட்கார்ந்திருப்பேன். தூரிகையும் நாடாவும் கொண்டுவந்திருக்கிறேன். பையில் புத்தகம் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், பார்ப்போம்.